செவ்வாய்த் தரையிறக்க சிமுலேஷன் சண்டித்தனம் செய்தால்: அறிகுறி வாரியாகப் பிழை தேடும் வழி

கல்லூரிக் குழுக்கள் எழுதும் தரையிறக்க சிமுலேஷன்களைப் பிழை பார்த்துத் தருவது என் வேலையில் ஒரு பகுதி. குழு மாறினாலும் கோளாறு மாறுவதில்லை. இயற்பியல் சமன்பாடுகளைப் பெரும்பாலும் எல்லோரும் சரியாகவே எழுதுகிறார்கள். அலகு மாறும் இடம், அச்சு மாறும் இடம், ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டம் தொடங்கும் இடம் ஆகிய இந்த மூட்டுகளில்தான் வம்பு. அதனால் சமன்பாடுகளை இங்கே விளக்கப் போவதில்லை. உங்கள் திரையில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் மேலே, நாட்களை விழுங்கும் காரணம் கீழே. வரிசையை விட்டுத் தாவாதீர்கள்.

## தொடங்கும் முன்: ஒப்பிட ஓர் உண்மையான பயணம்

எந்த விண்கலத்தை நீங்கள் வடிவமைத்தாலும், முதலில் நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தியின் எண்களைப் போட்டு ஒரு முறை ஓட்டுங்கள். 2012 ஆகஸ்டில் இறங்கிய அந்தக் கலம் வளிமண்டலத்துக்குள் நுழைந்தபோது வேகம் வினாடிக்கு சுமார் 5.8 கிமீ, நிறை சுமார் 3,250 கிலோ, வெப்பக் கவசத்தின் விட்டம் 4.5 மீட்டர், பாதைக் கோணம் கிடைமட்டத்துக்குக் கீழே சுமார் 15.5 டிகிரி. உச்ச வேகத்தணிவு 12 முதல் 13 ஜி (பூமி ஈர்ப்பின் அத்தனை மடங்கு). நுழைந்து நாலேகால் நிமிடத்தில், மாக் 1.7 (ஒலி வேகத்தின் 1.7 மடங்கு) அருகே, 21.5 மீட்டர் பாராசூட் விரிந்தது. கடைசியில் வினாடிக்கு 0.75 மீட்டர் என்று திட்டமிட்ட வேகத்தில் தரை தொட்டது. மொத்தம் ஏழு நிமிடம்.

உங்கள் கோட் இந்த எண்களுக்குப் பக்கத்தில் வராவிட்டால், உங்கள் சொந்த லேண்டரைப் பற்றி அது சொல்வதை நம்ப வேண்டியதில்லை.

## அறிகுறி: தரையை மோதும்போதும் ஒலியைவிட வேகமாகப் போகிறது

மோதும் வேகம் நுழைந்த வேகத்தைவிட அதிகமா? அப்படியானால் காற்று உங்கள் கலத்தைத் தொடவே இல்லை. வேகம் கிமீயிலும் அடர்த்தி கன மீட்டருக்குக் கிலோவிலும் கலந்திருக்கும். வேகத்தின் வர்க்கத்தில் பத்து லட்சம் மடங்கு தொலைந்துபோயிருக்கிறது. அலகுக் குழப்பம் என்றதும் மாணவர்கள் சிரிப்பார்கள். 1999இல் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் தொலைந்ததற்குக் காரணம் பவுண்டு-விநாடியும் நியூட்டன்-விநாடியும் கலந்த 4.45 மடங்கு வித்தியாசம்தான். கோடுக்குள் எல்லாமே மீட்டர், கிலோ, விநாடி, ரேடியன். கிமீயும் டிகிரியும் வரைபடம் போடும்போது மட்டும் வரட்டும்.

வேகம் குறைகிறது, ஆனால் போதவில்லையா? இதற்கு ஒரு நல்ல சோதனை உண்டு. தூக்குவிசையைப் பூஜ்யமாக்கிவிட்டு ஓட்டுங்கள். பிறகு காகிதத்தில் இதைக் கணக்கிடுங்கள்: நுழைவு வேகத்தின் வர்க்கத்தைப் பாதைக் கோணத்தின் சைனால் பெருக்கி, வளிமண்டல அளவு உயரத்தின் (எவ்வளவு ஏறினால் அடர்த்தி சுமார் 2.7 மடங்கு குறையுமோ அந்த உயரம்) 5.44 மடங்கால் வகுக்க வேண்டும். அளவு உயரத்துக்கு 11 கிமீ போட்டால் மேலே சொன்ன கலத்துக்கு விநாடி வர்க்கத்துக்கு 150 மீட்டர் வரும், அதாவது சுமார் 15 ஜி. அந்த நேரத்தில் வேகம் நுழைவு வேகத்தில் 61 சதவீதமாக, சுமார் 3.5 கிமீயாக, இருக்க வேண்டும்.

இந்தச் சூத்திரத்தில் நிறையும் இல்லை, பரப்பும் இல்லை, தரையில் உள்ள அடர்த்தியும் இல்லை. அதுதான் இதன் அருமை. உச்ச ஜி தப்பாக வந்தால் கோளாறு கோணத்திலோ அளவு உயரத்திலோ இருக்கிறது, பூமியின் 8.5 கிமீயை அப்படியே விட்டிருப்பார்கள். உச்ச ஜி சரி, ஆனால் அது வரும் உயரம் தப்பு என்றால் நிறை, பரப்பு, இழுவைக் குணகம், தரையடர்த்தி ஆகிய நாலில் ஒன்று. இழுவைக் குணகம் 1.68, தரையடர்த்தி கன மீட்டருக்கு 0.02 கிலோ என்று வைத்தால் உச்சம் 21 கிமீ உயரத்தை ஒட்டி வரவேண்டும். 36 கிமீயில் வந்தால், விட்டத்தை ஆரம் என்று எடுத்துப் பரப்பை நான்கு மடங்காக்கிவிட்டீர்கள்.

எல்லாம் சரி, ஆனால் தரை சீக்கிரம் வந்துவிடுகிறதா? தரை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். செவ்வாய் உருண்டை இல்லை. நடுக்கோட்டில் ஆரம் 3396.2 கிமீ, துருவத்தில் 3376.2. 2008இல் ஃபீனிக்ஸ் இறங்கிய 68 டிகிரி வடக்கில் அது சுமார் 3379 கிமீ. அங்கே போய் 3396 என்ற உருண்டையைப் போட்டால் தரை 17 கிமீ உயர்ந்து நிற்கும். பாராசூட் விரியும் முன்பே கலம் மோதிவிடும். இன்னொன்று: கியூரியாசிட்டி இறங்கிய கேல் பள்ளத்தின் தரை செவ்வாயின் பூஜ்ய மட்டத்துக்கு 4.5 கிமீ கீழே இருக்கிறது. 'உயரம் பூஜ்யம்' என்பதைத் தரை என்று வைத்தால், வேகம் குறைப்பதற்கு மிகவும் பயன்படும் காற்றை நீங்களே வெட்டி எறிகிறீர்கள்.

இதற்கும் மசியவில்லையா? அப்போது கோட் சரி, வடிவமைப்புதான் தப்பு. நிறையை இழுவைக் குணகம் பெருக்கல் பரப்பால் வகுத்துப் பாருங்கள். நாசாவின் வைக்கிங்கிற்கு இது சதுர மீட்டருக்குச் சுமார் 64 கிலோ; கியூரியாசிட்டிக்கு ஏறத்தாழ இரு மடங்கு. உங்களுடையது அதையும் தாண்டிப் போனால், பாராசூட் விரிக்கும் வேகத்துக்கு வருவதற்குள் தரை வந்துவிடும். கவசத்தைப் பெரிதாக்குவதா, தூக்குவிசையைக் கூட்டுவதா, ஒலியைவிட வேகமாகப் போகும்போதே இன்ஜினைப் பற்றவைப்பதா என்ற கேள்வி இனி வான்விசையியல் தெரிந்தவருடையது. அவரிடம் போங்கள்.

## அறிகுறி: வளிமண்டலத்தை உரசிவிட்டு மேலே எகிறிப் போய்விடுகிறது

முதலில் கோணத்தின் குறி. கீழ்நோக்கி என்றால் எதிர்க்குறி என்று எடுக்கும் கோடில் யாரோ நேர்க்குறியில் 15.5 கொடுத்திருப்பார்கள். இது முதல் விநாடியிலேயே தெரிந்துவிடும்.

தெரியாமல் ஒளிந்துகொள்வது டிகிரி-ரேடியன் குழப்பம். –15.5ஐ ரேடியன் என்று எடுத்துக்கொண்டால் அதன் சைன் –0.206. அது கிட்டத்தட்ட –12 டிகிரியின் சைன்! அதாவது உயர வரைபடம் நம்பும்படியாகவே இருக்கும், கொஞ்சம் ஆழம் குறைந்த நுழைவு மாதிரி. கோசைன் மட்டும் –0.98 ஆகிவிடும், கலம் பின்னோக்கிப் பறக்கும். உயரத்தை மட்டும் வரைந்து பார்ப்பவர்களுக்கு இது பிடிபடாது. தரைத்தூரத்தையும் கூடவே வரையுங்கள். அது எதிர்க்குறியில் போனால் காரணம் இதுதான்.

அடுத்தது தூக்குவிசையின் திசை. உருள் கோணம் பூஜ்யம் என்றால் தூக்குவிசை மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்று கோட் எழுதியவரும் கைடன்ஸ் (கலத்தை இலக்குக்கு வழிநடத்தும் பகுதி) எழுதியவரும் தனித்தனியாக முடிவு செய்திருப்பார்கள். உருள் கோணத்தை 0, 90, 180 என்று நிலையாக வைத்து மூன்று முறை ஓட்டுங்கள். 0இல் தூரம் அதிகம், 180இல் குறைவு, 90இல் இடையில் விழுந்து பக்கவாட்டில் விலக வேண்டும். வரிசை தலைகீழானால் குறி தப்பு.

அப்புறம், நீங்கள் எடுத்த கோணம் எந்த வேகத்தைச் சார்ந்தது? 15.5 என்பது விண்மீன்களைச் சார்ந்த அச்சில் சொன்ன எண். அதைச் சுழலும் வளிமண்டலத்தைச் சார்ந்த வேகத்துக்குப் போட்டால் கோணம் கொஞ்சம் தள்ளிப்போகும். எந்த ஆரத்தில் அந்தக் கோணம் என்பதும் முக்கியம். கியூரியாசிட்டிக்கு மையத்திலிருந்து 3522.2 கிமீ.

இவை அனைத்தும் சரியாக இருந்தும் சில ஓட்டங்களில் மட்டும் எகிறினால், உங்கள் நுழைவு வாசல் குறுகலாக இருக்கிறது என்று அர்த்தம். அது உண்மையான தகவல். கோடைத் திருத்தி அதை மறைக்காதீர்கள்.

## அறிகுறி: பாராசூட் விரிந்ததும் எண்கள் வெடிக்கின்றன

என்னிடம் அதிகம் வருவது இதுதான். திரை முழுக்க 'நேன்' (எண்ணே இல்லாத விடை) என்று கொட்டும், அல்லது நேரப்படி (ஒரு கணக்கிலிருந்து அடுத்ததற்குத் தாவும் நேர இடைவெளி) சுருங்கிச் சுருங்கிச் சிமுலேஷன் நகராமல் நிற்கும். நாலு காரணங்கள் உண்டு. நாலும் ஒரே நேரத்தில் இருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

விரியும் கணத்தைத் தாண்டிவிட்டதா? நிலையான நேரப்படியில், மாக் 1.7 என்ற எல்லை இரண்டு படிகளுக்கு நடுவே வரும். 'இதற்குக் கீழே போனால் விரி' என்ற நிபந்தனையைச் சமன்பாட்டுக்குள்ளேயே எழுதியிருந்தால், ஒரே படியின் நாலு இடைக்கணக்குகளில் இரண்டில் பாராசூட் மூடியும் இரண்டில் திறந்தும் இருக்கும். விடை அர்த்தமற்றுப் போகும். நிகழ்வைத் தனியாகக் கண்டுபிடித்து, அங்கே கணக்கை நிறுத்தி, புதிய நிறை, புதிய பரப்போடு மறுபடி தொடங்க வேண்டும். பைத்தானின் சைப்பையில் சால்வ்_ஐவிபி பயன்படுத்துபவர்கள் கவனிக்க: நிகழ்வுச் சார்புக்கு 'டெர்மினல்' என்று குறிக்காவிட்டால் அது நேரத்தைக் குறித்துக்கொண்டு நிற்காமல் ஓடிவிடும். திசையையும் குறியுங்கள், இல்லாவிட்டால் ஏறும்போதும் இறங்கும்போதும் இரண்டு முறை அடிக்கும்.

ஒரே கணத்தில் முழுதாக விரிகிறதா? 21.5 மீட்டர் என்பது துணியின் பெயரளவு விட்டம். பரப்பு 363 சதுர மீட்டர். இயங்கு அழுத்தம் 500 பாஸ்கல், இழுவைக் குணகம் 0.65 என்று வைத்தால் 118 கிலோநியூட்டன் ஒரே படியில் வந்து விழும். உண்மையில் விரிவதற்கு ஒரு விநாடிக்குச் சற்றுக் குறைவான நேரம் ஆகும். பரப்பை அந்த நேரத்தில் படிப்படியாக ஏற்றுங்கள். நேர்கோட்டில் ஏற்றாமல், தொடக்கத்தில் மெதுவாகவும் கடைசியில் வேகமாகவும் ஏற்றுவது நிஜத்துக்கு நெருக்கம்.

விரிந்து இருபது முப்பது விநாடி கழித்து வெடிக்கிறதா? இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பாடப்புத்தகங்களில் வேகம், பாதைக் கோணம், திசைக் கோணம் என்று எழுதும் நுழைவுச் சமன்பாடுகளில், திசைக் கோணம் மாறும் வீதத்தைப் பாதைக் கோணத்தின் கோசைன் வகுக்கிறது. நுழைவின்போது கோணம் 15 டிகிரி. ஒரு பிரச்சினையும் இல்லை. பாராசூட்டில் தொங்கத் தொடங்கியதும் கலம் மெல்ல நேர்கீழாகத் திரும்பும். கோணம் 90ஐ நெருங்கும், கோசைன் பூஜ்யத்தை நெருங்கும், வகுத்தல் வெடிக்கும். வேகமும் உயரமும் ஒழுங்காக இருக்க, திசைக் கோணம் மட்டும் கிறுகிறுவென்று சுற்றுகிறதா என்று பாருங்கள். ஆம் என்றால் நோய் இதுதான்.

இதற்கு 'கோசைன் சின்னதாக இருந்தால் 0.001 போடு' என்ற ஒட்டுவேலையைப் பல கோடுகளில் பார்க்கிறேன். அது வெடிப்பை நிறுத்தும். பக்கவாட்டு வேகத்தைச் சத்தமில்லாமல் கெடுக்கும். சரியான வைத்தியம், பாராசூட் கட்டத்திலிருந்து நிலையையும் வேகத்தையும் மூன்று மூன்று நேரச்சுக் கூறுகளாக (எக்ஸ், ஒய், இசட்) மாற்றிவிடுவது. தொடக்கத்திலிருந்தே அப்படி எழுதினால் இன்னும் நல்லது. கலத்தின் சாய்வை ஆய்லர் கோணங்களில் வைத்திருந்தால் அதற்கும் இதே கதிதான். குவாட்டர்னியனுக்கு (சாய்வை நான்கு எண்களால் சொல்லும் முறை) மாறி, ஒவ்வொரு படியிலும் அதன் நீளத்தை ஒன்றாக்குங்கள்.

பாராசூட்டையும் கலத்தையும் இரண்டு பொருட்களாக வைத்திருக்கிறீர்களா? நடுவில் உள்ள கயிற்றை விறைப்பான ஸ்பிரிங் ஆக்கினால் நேரப்படி மைக்ரோ விநாடிக்குப் போய்விடும். கயிறு தள்ளவும் கூடாது, இழுக்க மட்டுமே வேண்டும். விறைப்புச் சமன்பாடுகளுக்கான முறைக்கு மாறுங்கள், அல்லது ஆரம்பத்தில் இரண்டையும் ஒரே பொருளாகவே வையுங்கள்.

சரியாகிவிட்டதா? ஒரு சோதனை: கவசம் கழன்ற பின் நிறை 2,800 கிலோ என்று வைத்தால், தரைக்கு இரண்டு கிமீ மேலே வேகம் வினாடிக்கு 70 முதல் 80 மீட்டரில் நிலைக்க வேண்டும். 10க்குப் பக்கத்தில் வந்தால் பூமியின் காற்றைப் போட்டிருக்கிறீர்கள்.

எப்போது நிபுணர்? துணி தாங்குமா என்ற கேள்வி வந்தவுடன். நாசா 2014லும் 2015லும் ஒலியைவிட வேகத்தில் சோதித்த பெரிய பாராசூட்டுகள் இரண்டுமே கிழிந்தன. கணினிக் கணக்கை மட்டும் நம்ப முடியாமல்தான், பெர்சிவியரன்ஸுக்கான பாராசூட்டை 2017-18இல் ராக்கெட்டில் வைத்து உயரத்துக்கு அனுப்பி விரித்துப் பார்த்தார்கள். உங்கள் மடிக்கணினி அதைத் தீர்க்காது.

## அறிகுறி: வெப்ப எண்கள் வானத்துக்குப் போகின்றன

பெரும்பாலும் சதுர மீட்டருக்கும் சதுர சென்டிமீட்டருக்கும் நடுவே உள்ள பத்தாயிரம் மடங்கு. வெப்பத்துக்குச் சட்டன்-கிரேவ்ஸ் சூத்திரம் போட்டிருந்தால் செவ்வாய்க்கு மாறிலி 1.90 × 10⁻⁴, பூமிக்கு 1.74 × 10⁻⁴. விடை சதுர மீட்டருக்கு வாட். மூக்கு ஆரம் 1.125 மீட்டர், வேகம் 5 கிமீ, அடர்த்தி 0.0005 என்று போட்டுப் பாருங்கள். சதுர சென்டிமீட்டருக்கு 50 வாட் அருகே வந்தால் கோட் சரி.

ஆனால் அந்த எண் மூக்கு நுனிக்கு, சீரான ஓட்டத்துக்கு மட்டும். கவசத்தின் தோளில் ஓட்டம் கொந்தளித்தால் வெப்பம் பல மடங்கு ஏறும். கியூரியாசிட்டிக்கு முதலில் தேர்ந்த கவசப் பொருள் சோதனையில் தேறாமல், பிகா என்ற பொருளுக்கு மாறியது இந்த மாதிரி இடத்தில்தான். கவசத்தின் தடிமனைத் தீர்மானிக்கப் போகிறீர்கள் என்றால் வெப்ப ஓட்டக் கணிப்பு செய்பவரைத் தேடுங்கள்.

## அறிகுறி: இலக்கிலிருந்து பத்து, நூறு கிமீ தள்ளி இறங்குகிறது

தள்ளிப்போகும் தூரமே காரணத்தைச் சொல்லிவிடும்.

நூறு கிமீ அளவில், கிழக்கு-மேற்காக என்றால் கோளின் சுழற்சி விட்டுப்போயிருக்கிறது. நடுக்கோட்டில் தரை வினாடிக்கு 240 மீட்டர் நகர்கிறது. ஏழு நிமிடத்துக்கு நூறு கிமீ. காற்றும் அதோடு சேர்ந்தே சுழல்கிறது என்பதை இழுவைக் கணக்கில் சேர்த்தீர்களா என்றும் பாருங்கள்.

இருபது கிமீக்குள், வடக்கு-தெற்காக என்றால் அட்சரேகையின் வகை. மையத்திலிருந்து அளப்பதும் தரைக்குச் செங்குத்தாக அளப்பதும் செவ்வாயில் 45 டிகிரியில் 0.34 டிகிரி வேறுபடும். நடுக்கோட்டுப் பக்கம் இந்த வித்தியாசம் தெரியாது. அதனால் கேல் பள்ளத்தில் தேறிய கோட் வடக்கே போனதும் பிசகும்.

கோளின் மறுபக்கம் என்றால், பழைய செவ்வாய் வரைபடங்களில் தீர்க்கரேகை மேற்கு நோக்கி எண்ணப்பட்டிருக்கும்.

இரண்டு மூன்று கிமீ என்றால் விட்டுவிடுங்கள். கியூரியாசிட்டியே இரண்டு கிமீ சொச்சம் தள்ளித்தான் இறங்கியது.

## அறிகுறி: எரிபொருள் பாதி வழியில் தீர்ந்துவிடுகிறது

முதலில் ஒரே ஒரு வரியைப் பாருங்கள். எரிபொருள் செலவு வீதம் என்பது உந்துவிசையை ஐஎஸ்பியாலும் (இன்ஜினின் எரிபொருள் சிக்கனத்தை விநாடியில் சொல்லும் எண்) 9.80665ஆலும் வகுப்பது. அந்த 9.80665 எந்தக் கோளிலும் மாறாது. 'செவ்வாயில் ஈர்ப்பு 3.71தானே' என்று யாரோ நல்லெண்ணத்தோடு மாற்றியிருப்பார்கள். 2,000 கிலோ கலம் அந்தரத்தில் நிற்க 7,420 நியூட்டன் வேண்டும். ஐஎஸ்பி 220 என்றால் விநாடிக்கு 3.4 கிலோ போகும். 3.71 போட்டால் அதுவே 9.1 கிலோ. செலவு சரியாக 2.6 மடங்கு காட்டினால் வேறெங்கும் தேட வேண்டாம்.

அதற்கடுத்தது நிறை. வெப்பக் கவசமும் பின்கூடும் பாராசூட்டும் கழன்ற பிறகும் அவற்றின் நிறை கணக்கில் தொங்கிக்கொண்டிருக்கிறதா? நிறையை நேரத்தோடு வரைந்தால் கழலும் இடங்களில் செங்குத்தான படிகள் தெரிய வேண்டும்.

பிறகு இன்ஜின் பற்றும் உயரம். ஒவ்வொரு கூடுதல் விநாடியும் 3.71 மீட்டர் வேகத்துக்கான எரிபொருளைத் தின்கிறது. கீழே இறக்கிப் பற்றவைத்தால் மிச்சமாகும். ஆனால் தவறுக்கு இடம் குறையும். இந்தப் பேரத்தை மான்டே கார்லோ (உள்ளீடுகளைத் தற்செயலாகச் சிதறடித்துப் பல முறை ஓட்டுவது) ஓட்டித்தான் முடிவு செய்ய முடியும்.

கடைசியாக இன்ஜினின் குறைந்தபட்ச உந்துவிசை. கியூரியாசிட்டியின் எட்டு இன்ஜின்களும் ஒவ்வொன்றும் சுமார் 400 முதல் 3,000 நியூட்டன் வரை கட்டுப்படக்கூடியவை. உங்கள் கோடில் கீழ் வரம்பு இல்லாவிட்டால் எரிபொருள் கணக்கு இனிப்பாக வரும். வரம்பைப் போட்டதும் தீரும். இன்ஜின்கள் சாய்ந்து பொருத்தப்பட்டிருந்தால் அந்தச் சாய்வின் கோசைனையும் கழியுங்கள்.

## அறிகுறி: தரைக்கு மேலே சில மீட்டரில் பேயாட்டம் ஆடுகிறது

இறக்கம் முழுக்க நூல் பிடித்தாற்போல் வந்துவிட்டு, கடைசி இரண்டு விநாடியில் கலம் புரளும், உந்துவிசை உச்சிக்கும் அடிக்கும் தாவும். கைடன்ஸ் சூத்திரத்தில் மீதி நேரத்தின் வர்க்கத்தால் வகுக்கிறீர்கள். மீதி 0.3 விநாடி இருக்கும்போது, இடக் கணிப்பில் அரை மீட்டர் பிழை இருந்தால், 6 × 0.5ஐ 0.09ஆல் வகுக்க, 33 மீட்டர் முடுக்கம் கேட்கும். செவ்வாயின் ஈர்ப்பைப் போல ஒன்பது மடங்கு.

கட்டுப்பாட்டு எண்களைக் கிண்டிக்கொண்டிருக்காதீர்கள். மீதி நேரத்தை ஒரு சில விநாடிக்குக் கீழே போகவிடாமல் நிறுத்துங்கள். அதைவிட நல்ல வழி, இலக்கைத் தரையில் வைக்காமல் இருபது முப்பது மீட்டர் மேலே வைத்து, அங்கிருந்து நிலையான வேகத்தில் இறங்கவிடுவது. 1976இல் வைக்கிங்கும் இப்படி வினாடிக்கு 2.4 மீட்டரில்தான் இறங்கியது.

## அறிகுறி: தரை தொட்டதும் எகிறுகிறது, அல்லது மண்ணுக்குள் புதைகிறது

தரையை ஸ்பிரிங் ஆக வைத்து, விறைப்பை அளவுக்கு மீறிக் கூட்டியிருப்பீர்கள். 900 கிலோ கலத்துக்கு மீட்டருக்கு ஒரு கோடி நியூட்டன் விறைப்பு என்றால் அதிர்வுக் காலம் 0.06 விநாடி, 0.01 விநாடி நேரப்படி அதற்குப் பத்தாது. படியைப் பத்தில் ஒரு பங்காக்குங்கள், அல்லது விறைப்பைக் குறையுங்கள்.

கால்கள் மண்ணில் எவ்வளவு இறங்கும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் ஸ்பிரிங் போதாது, மண் வேண்டும். இஸ்ரோ சந்திரயான்-2க்காக நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பக்கத்து அனார்த்தசைட் பாறையை அரைத்து நிலவு மண் மாதிரி செய்து சோதித்தது அதனால்தான்.

## அறிகுறி: ஆயிரம் ஓட்டத்தில் ஆயிரமும் வெற்றி

இதை யாரும் பிழை என்று என்னிடம் கொண்டுவருவதில்லை. எனக்கு மிகவும் சந்தேகம் தருவது இதுதான்.

சீட் எண்ணை (தற்செயல் எண்களைத் தொடங்கிவைக்கும் எண்) பாருங்கள். ஆயிரம் ஓட்டத்துக்கும் ஒரே சீட் என்றால் ஒரே ஓட்டத்தை ஆயிரம் முறை ஓட்டியிருக்கிறீர்கள். இறங்கிய இடங்களைப் புள்ளியாகப் போடுங்கள். ஒரே புள்ளி தெரிந்தால் முடிந்தது கதை. இணையாகப் பல கோர்களில் ஓட்டும்போது சத்தமில்லாமல் இது நடக்கும்.

சிதறல் உள்ளே போகிறதா? ஒவ்வொன்றாக அளவுக்கு மீறிக் கெடுங்கள். அடர்த்தியைப் பாதியாக்குங்கள், கோணத்தை இரண்டு டிகிரி தள்ளுங்கள். அப்போதும் வெற்றி என்றால் அந்த மாறி எங்கும் இணைக்கப்படவில்லை. வளிமண்டலத்துக்கு ஒரே ஒரு அடுக்குக்குறிச் சூத்திரம் போதாது. செவ்வாயில் காற்றழுத்தம் பருவத்தோடு கால் பங்குக்கு மேல் ஏறி இறங்குகிறது, தூசிப் புயல் வந்தால் உயரத்துக்கு உயரம் அடர்த்தி மாறுகிறது. மார்ஸ்-கிராம் போன்ற மாதிரியிலிருந்து எடுத்துச் சிதறடியுங்கள்.

கைடன்ஸுக்கு உண்மை கசிகிறதா? கலம் தன் உயரத்தை சென்சார் வழியாக மட்டுமே அறிய வேண்டும். கோடில் உண்மை நிலை மாறியும் கணித்த நிலை மாறியும் ஒரே பெயரில், ஒரே அணியில் இருந்தால் கசிவு நிச்சயம். சோதிக்க எளிய வழி: ரேடாரை அணைத்துவிட்டு ஓட்டுங்கள். அப்போதும் மென்மையாக இறங்கினால் கலத்துக்கு ஞானக்கண் இருக்கிறது.

சென்சார்கள் ஒழுங்காக மட்டுமே நடக்கின்றனவா? இதுவரை உடைந்த கலங்கள் பல இந்த இடத்தில்தான் உடைந்தன. 2016இல் செவ்வாயில் இறங்கப்போன ஐரோப்பாவின் ஸ்கியாப்பரெல்லியின் பாராசூட் விரிந்தபோது கலம் எதிர்பாராத வேகத்தில் ஆடியது. சுழற்சி உணரி சுமார் ஒரு விநாடி உச்சவரம்பில் முட்டி நின்றது. அந்த ஒரு விநாடியை அப்படியே கூட்டிக்கொண்ட கணினி, தான் தலைகீழாக இருப்பதாகவும் பிறகு தரைக்குக் கீழே இருப்பதாகவும் முடிவு செய்தது. பாராசூட்டைக் கழற்றிவிட்டு, இன்ஜினை மூன்று விநாடி மட்டும் எரித்து அணைத்தது. அப்போது உயரம் சுமார் 3.7 கிமீ. பாராசூட் ஆட்டத்தைச் சிமுலேஷனில் சரியாகப் பிடிக்காததை விசாரணை அறிக்கை காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. உங்கள் சுழற்சி உணரிக்கு உச்சவரம்பு இருக்கிறதா?

1999இல் மார்ஸ் போலார் லேண்டரின் கதையும் இதே ரகம். மேலே கால்கள் விரிந்தபோது வந்த அதிர்வை 'தரை தொட்டாயிற்று' என்று சென்சார் பதிந்து வைத்திருந்து, 40 மீட்டர் உயரத்தில் இன்ஜின் அணைந்திருக்கவே அதிக வாய்ப்பு என்றது விசாரணைக் குழு. கால் விரியும்போது ஒரு பொய்ச் சைகையை வேண்டுமென்றே அனுப்பி உங்கள் தர்க்கம் ஏமாறுகிறதா என்று பாருங்கள்.

தரை தட்டையா? 2023 ஏப்ரலில் ஜப்பானின் ஹகுட்டோ-ஆர் கலம் நிலவில் ஒரு பள்ளத்தின் விளிம்பைக் கடந்தபோது ரேடார் உயரம் திடீரென மூன்று கிமீ கூடியது. மென்பொருள் 'ரேடார் பழுது' என்று முடிவு செய்து அதன் பேச்சைக் கேட்பதை நிறுத்தியது. கலம் ஐந்து கிமீ உயரத்தில் தரை வந்துவிட்டதாக நினைத்து மிதந்து, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. இறங்குமிடம் பின்னால் மாற்றப்பட்டிருந்தது. புதிய பாதையின் தரை வடிவம் சிமுலேஷன்களில் போதிய அளவு சேரவில்லை. இலக்கை மாற்றினால் உயர வரைபடத்தையும் மாற்றி எல்லாவற்றையும் மறுபடி ஓட்டுங்கள், அலுப்புப் பார்க்காதீர்கள்.

சிதறல் எல்லையே சின்னதா? 2019இல் விக்ரம் லேண்டரின் இன்ஜின்கள் எதிர்பார்த்ததைவிட அதிக உந்துவிசை தந்தன. பிழை சேர்ந்துகொண்டே போனது. சரிசெய்யக் கலம் வேகமாகத் திரும்ப வேண்டியிருந்தபோது மென்பொருளின் வரம்பு தடுத்தது. இறங்க ஒதுக்கிய இடமோ 500க்கு 500 மீட்டர். சந்திரயான்-3க்கு அந்த இடத்தை 4 கிமீக்கு 2.4 கிமீ ஆக்கினார்கள். உந்துவிசைக்கு நீங்கள் வைத்திருக்கும் சிதறல் ஒரு சதவீதம் என்றால், ஐந்து வைத்து ஓட்டிப் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஆயிரத்துக்கு ஆயிரம் வெற்றி என்றால், அப்போதும் சொல்ல முடிவது இவ்வளவுதான்: தோல்வி வாய்ப்பு 0.3 சதவீதத்தைத் தாண்டாது என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம். ஓட்டங்களின் எண்ணிக்கையால் 3ஐ வகுத்தால் வரும் எண் இது. இன்னும் குறைவாகச் சொல்ல வேண்டுமானால் இன்னும் ஓட்ட வேண்டும்.

எப்போது நிபுணர்? உங்கள் கோடைப் பார்த்து நிஜமாக ஒரு கருவியைச் செய்யப் போகிறார்கள் என்றால், முதல் வெற்றி வந்த அன்றே. அதை எழுதாத ஒருவர், உங்கள் கோடைப் பார்க்காமல், தனியாக இன்னொன்று எழுதி ஒப்பிட வேண்டும். அவரிடம் போகும்போது 'வேலை செய்யவில்லை' என்று மட்டும் சொல்லாமல் இவற்றை எடுத்துப் போங்கள்: ஒவ்வொரு நிகழ்வின் நேரத்திலும் உயரம், வேகம், நிறை, எந்த அச்சு, எந்த ஆரம், எந்த அட்சரேகை வகை, சீட் எண், நேரப்படியைப் பாதியாக்கி ஓட்டியபோது இறங்கும் வேகம் எவ்வளவு மாறியது என்ற ஒரு வரி. அந்தக் கடைசி வரியை அவர் முதலில் கேட்பார்.